எருக்கலைக் குடித்தனம்

எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு காலி மனை. ஐந்தரை சென்ட். சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். பாளையங்கோட்டைக்கு வெளியே, நான்குவழிச் சாலைக்கு இந்தப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இப்படி ஒரு காலி மனை பக்கத்தில் இல்லாமல் இருக்காது. நாலு மூலைக்கும் கல் நட்டிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது காரில் வந்து, இறங்காமலே பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் அது பன்றிக்கும், மிஞ்சிப்போன சிமெண்டுச் சாந்துக்கும், உடைந்த பீங்கானுக்கும், எருக்கலைக்கும் சொந்தம்.

எங்கள் பக்கம் எருக்கலை என்றுதான் சொல்வோம். எருக்கு என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்த மனையில் ஏழு செடி நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு, இடுப்பளவில் மூன்று, மற்றவை பொடிசுகள். அம்மாவுக்கு ஜன்னலைத் திறந்ததும் அது கண்ணில் படுவது பிடிக்கவே பிடிக்காது. "எருக்கலை நிக்கிற எடம் வெளங்காதுட்டி" என்பாள். 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பது சாபம்தானே. வீடு இடிந்து, ஆளற்றுப்போய், சுவரடியில் எருக்கு முளைத்து நிற்கிற காட்சியை நாலே சொல்லில் அடக்கிய சாபம். அது பக்கத்து மனையில்தானே நிற்கிறது, நமக்கில்லையே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "வெதை பறந்து வராதா?" என்றாள். அதுவும் நியாயம்தான். பஞ்சோடு பறந்து வரும் அந்த விதையைத்தான் சின்ன வயதில் தாத்தாப்பூச்சி என்று துரத்திப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து ஊதி விட்டோம். ஊர் முழுக்க எருக்கலையைப் பரப்பியதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

2021-இல் எனக்குக் குதிங்கால் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது யாரோ ஆணி அடித்த மாதிரி இருக்கும். வருமான வரிக் கணக்கு போடும் ஆபீஸில் வேலை. உட்கார்ந்தே இருக்கிறவளுக்குக் குதிங்காலில் என்ன வலி என்று கேட்காத ஆள் இல்லை. மாத்திரை, ஜெல், பஞ்சு வைத்த செருப்பு எல்லாம் முடிந்த பிறகு அம்மா கடைசி வைத்தியத்துக்கு வந்தாள். செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன் மேல் பழுத்த எருக்கலை இலையைப் போட்டு, குதிங்காலை வைத்து ஒத்தடம் எடுக்க வேண்டும். வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த செடியிடமே போய் இலை பறித்து வரச் சொன்னாள். வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

பழுத்த இலை தேடித்தான் போனேன். பார்த்ததென்னவோ பச்சை இலை ஒன்று. காம்பு ஒடிந்த மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஒடிந்திருக்கும் என்று நினைத்துத் திருப்பினால், அடியில் ஒரு புழு. சுண்டு விரல் நீளம். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாகப் பட்டை, ஒவ்வொரு கறுப்புப் பட்டையிலும் மஞ்சள் பொட்டு. தலைப் பக்கம் இரண்டு, நடு முதுகில் இரண்டு, வால் பக்கம் இரண்டு என்று மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள், நூல் மாதிரி ஆடின. ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாத உடுப்பு. கோயில் கொடையில் வேஷம் கட்டி வருகிறவனைப் போல நட்டநடு இலையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது.

காம்பைப் பார்த்தேன். ஒடிந்ததில்லை, கடித்தது. பாதிக் காம்பை அரைவட்டமாகக் குடைந்திருந்தது. அந்த இடத்தில் பால் வடிந்து காய்ந்து, மெழுகுவர்த்தி ஒழுகினாற்போல் உறைந்திருந்தது. சும்மா ஒரு பக்கத்து இலையைக் கிள்ளினேன். குபுக்கென்று பால். தொங்கிய இலையைக் கிள்ளினால் ஒன்றிரண்டு துளிதான். அப்போதுதான் விளங்கியது. சாப்பிடுவதற்கு முன்னால் குழாயை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு ஒத்தடம் நடக்கவில்லை. நான் வெறும் கையோடு திரும்பினேன்.

எருக்கலைப் பாலைப் பற்றி எனக்கு ஒரு முன்கதை உண்டு. ஒன்பது வயதில், நாங்குநேரிப் பக்கம் ஆச்சி ஊரில், எருக்கலை மொட்டைப் பறித்து 'டப்' என்று உடைத்து விளையாடிக்கொண்டிருந்தோம். கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டேன். விசேஷம் என்னவென்றால், வலிக்கவில்லை. கொஞ்சம் உறுத்தல், அவ்வளவுதான். சாயங்காலம் விளக்குப் போட்டபோது பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்ததால் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். "ஏட்டி, எருக்கலையத் தொட்டியா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தவள், என்னை இழுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளிக் கைக்குழந்தை வைத்திருந்த அத்தையிடம் ஓடினாள். தாய்ப்பாலைக் கண்ணில் பீச்சினார்கள். மறுநாள் கண் டாக்டர் அதைக் கேட்டு ஆச்சியை நன்றாகத் திட்டினார். பால் பட்ட உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றார். அந்தப் பால் கண்ணின் கருவிழிப் படலத்தை ஊதவைத்துவிடுமாம். வலிக்காததால் ஆட்கள் தாமதமாகத்தான் வருகிறார்களாம். இரண்டு வாரம் எனக்குத் தெருவிளக்கெல்லாம் பூப்போட்டுத் தெரிந்தது. பிறகு சரியாகிவிட்டது.

அந்தப் பாலை வேறு எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது பெரியவளான பிறகுதான் தெரிந்தது. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த செய்திகளில் அந்தச் சொல் இருந்தது. பெண்ணாகப் பிறந்த பச்சைக் குழந்தையின் வாயில் ஊற்றிய பால். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியதற்குப் பின்னால் இருப்பதும் அந்த மாதிரி மரணங்கள்தான். எருக்கலைக்கு மருத்துவம், பக்தி, பெருமை என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். செடியின் மேல் குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பாலைத் தொடும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வராமல் போவதில்லை.

விஷம் வேலை செய்யும் விதம் இதுதான். எருக்கம்பாலில் இருப்பது இதயத்தைத் தாக்கும் ஒருவகை வேதிப்பொருள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்க ஒரு பம்ப் ஓடுகிறது. அந்தப் பம்பைப் பிடித்து நிறுத்திவிடும். இதயத் தசைக்கு அது தாங்காது. இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜாக்ஸின் மாத்திரையும் இதே இனம்தான். அளவு மட்டும் மருந்துக்கணக்கு. ஆடு மாடுகள் எருக்கலையை ஒதுக்கிவிட்டுப் போவதற்கும், ஐப்பசி மழை பொய்த்துப் புல்லெல்லாம் கருகின வருஷத்திலும் அது மட்டும் பச்சையாக நிற்பதற்கும் இந்தப் பால் ஒரு காரணம்.

நான் பார்த்த புழு அதைத் தின்றுதான் வளர்கிறது. தின்ற விஷத்தில் ஒரு பங்கை உடம்பில் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. புழுவாக இருக்கும்போது மட்டுமில்லை, சிறகு முளைத்த பிறகும்.

தமிழில் இதற்கு வெந்தய வரியன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அறிவியல் பெயர் டனாஸ் கிரிசிப்பஸ். லின்னேயஸ் 1758-இல் பதிவு செய்தது. ஆங்கிலத்தில் பிளெய்ன் டைகர். தமிழ்ப் பெயர்தான் எனக்குப் பிடித்தது. வெந்தயத்தை நெய்யில் போட்டுச் சிவக்க வறுத்த நிறம், அதுவேதான். (வரியன் என்ற பெயரை ஆபீஸில் சொன்னால், நோட்டீஸ் அனுப்பும் ஆளைச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.) சிறகு விரித்தால் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் ஏழு, எட்டு சென்டிமீட்டர். முன்சிறகின் நுனி கறுப்பு, அதில் குறுக்கே வெள்ளைப் பட்டை. சுற்றிலும் கறுப்புக் கரை, கரைக்குள் வெள்ளைப் பொட்டுகள். பின்சிறகின் நடுவில் கறுப்புப் புள்ளிகள். பெண்ணுக்கு மூன்று இருக்கும். ஆணுக்கு நாலாவதாக ஒன்று, கொஞ்சம் தடித்து, நடுவில் வெளிறிப்போய். சட்டைப் பையில் மைக் கறை பட்ட மாதிரி.

நீங்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததாக நினைவில்லாவிட்டாலும் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ரயில் பாதை ஓரம், சுடுகாட்டு மதில், குளத்துக் கரை, கடற்கரை மணல்மேடு, செங்கல் சூளை, நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு, எருக்கலை நிற்கும் இடமெல்லாம் இது இருக்கும். அடர்ந்த காட்டுக்குள் தேடினால்தான் கிடைக்காது. வெயிலும் வெட்டவெளியும் வேண்டும் இதற்கு. 2019-இல் தமிழ் மறவன் நம் மாநிலத்தின் பட்டாம்பூச்சி ஆனது. நல்ல தேர்வுதான், பெயரும் கம்பீரம். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். அதைப் பார்க்க நான் லீவு போட்டு மலை ஏற வேண்டும். வரியனைப் பார்க்கக் குப்பை கொட்டப் போனால் போதும்.

ஆப்பிரிக்கா தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இது பறக்கிறது. எகிப்தில் நெபமுன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஒரு ஓவியம் இருந்தது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். கி.மு. 1350-ஐ ஒட்டிய காலம். நாணல் படகில் நின்று அவர் பறவை வேட்டையாடுகிறார், ஒரு பூனை வாயிலும் காலிலுமாகப் பறவைகளைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. அந்த அமளிக்கு நடுவே பட்டாம்பூச்சிகள். வெந்தய நிறம், கறுப்பு நுனி, வெள்ளைப் பொட்டு. எந்தப் பூச்சி என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. கணினித் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக மேற்கு மனையைப் பார்த்தேன். அங்கே இரண்டு பறந்துகொண்டிருந்தன. வேட்டைக்காரர்தான் இல்லை, பன்றி இருந்தது.

குதிங்கால் வலி தானாகவே குறைந்துவிட்டது. நான் மனைக்குப் போவதை நிறுத்தவில்லை. காலையில் தண்ணீர் லாரி வருவதற்கு முன்னால் அரைமணி நேரம் இருக்கும். அப்போது போவேன்.

முட்டையைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். இலைக்கு அடியில், ஒரு இலைக்கு ஒன்று என்ற கணக்கில், வெளிறிய மஞ்சளில் கடுகைவிடச் சின்னதாய், உச்சி கூம்பி, மேலிருந்து கீழாக வரிவரியாக. பெண் வரியன் இலையின் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்து, வயிற்றை மட்டும் அடியில் வளைத்து ஒட்டிவிட்டுப் போய்விடும். மூணு, நாலு நாளில் உச்சி கறுக்கும். அது உள்ளே இருக்கும் புழுவின் தலை. வெளியே வந்ததும் முதல் சாப்பாடு முட்டையின் ஓடு. அதற்குப் பிறகுதான் இலை. அத்தனை சின்னப் புழுவால் காம்பைக் குடைய முடியாது. ஆகவே இலையின் அடியில் தன்னைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம் அறுத்துக்கொள்கிறது. வட்டத்துக்கு வெளியே பால் நின்றுவிடும். வட்டத்துக்குள் இருந்துகொண்டு சாப்பிடும். பட்டாணி அகலத்தில் ஓட்டை விழுந்த எருக்கலை இலையைப் பார்த்தால் அது யாருடைய கைவரிசை என்று இனி உங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆவணியில் நான்கு புழுக்களைச் செருப்பு அட்டைப்பெட்டியில் வைத்து வளர்த்தேன். பொய் சொல்வானேன், அவற்றைக் காப்பாற்றுவதாக எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. தினம் இரண்டு வேளை புது இலை, பெட்டியைத் துடைப்பது, மேலே கொசுவலைத் துணி. அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாமி அலமாரியைப் பூட்டினாள். புழுக்கள் ஐந்து தடவை வளர்ந்து, நாலு தடவை தோல் உரித்தன. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டை நிறுத்தி, பெட்டிக்குள் கால் போன போக்கில் அலைந்தன. பிறகு ஒவ்வொன்றாக மூடியின் அடியில் பட்டு நூலால் ஒரு பொட்டு நெய்து, அதில் பின்பக்கத்தை மாட்டிக்கொண்டு, கொக்கி மாதிரித் தலைகீழாகத் தொங்கின. மறுநாள் காலையில் பார்த்தால் புழுவைக் காணோம். பச்சை நிறத்தில் இரண்டு கூடு, இளஞ்சிவப்பில் இரண்டு. ஒவ்வொன்றின் இடுப்பிலும் கறுப்புக் கோடு, அதை ஒட்டித் தங்கப் பொட்டுகள். மினுமினுப்பு என்றில்லை, நகைக்கடைத் தங்கம். அம்மாவே கூப்பிடாமல் வந்து பார்த்தாள். "இது என்னட்டி, கம்மல் மாதிரி" என்றாள்.

நாலில் ஒன்றில் நிறம் மாறியது. பச்சை பழுப்பாகிக் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கூட்டிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கீழே தொங்கியது. சளி மாதிரி இழை. இன்னொரு நூல். நூலின் நுனியில் அரிசி மாதிரி ஒன்று நெளிந்தது. அது பட்டாம்பூச்சியின் நூல் இல்லை. ஒருவகை ஈ, புழுவின் உடம்பில் தன் குஞ்சுகளைக் குடிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவை உள்ளே இருந்தே தின்று, கூடு கட்டும் வரை காத்திருந்து, வேலை முடிந்ததும் கயிறு கட்டி இறங்குகின்றன. மூன்று இறங்கின. நான் பெட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தேன். விஷம் தின்றால் விஷம் காப்பாற்றும் என்று நான் போட்டுவைத்திருந்த கணக்கு அங்கே இடித்தது. பறவைக்குச் சரி. ஈக்கும் குளவிக்கும் இந்த விஷம் ஒரு பொருட்டே இல்லை. கும்பிடுபூச்சி ஒன்று, வரியனைத் தலையிலிருந்து ஆரம்பித்து நிதானமாகத் தின்பதையும் பிறகு பார்த்திருக்கிறேன்.

மற்ற மூன்றும் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வெளியே வந்தன. முந்தின ராத்திரியே கூடு கண்ணாடி மாதிரித் தெளிந்து, உள்ளே மடித்துவைத்த சிறகின் வெந்தய நிறமும் கறுப்புக் கரையும் தெரியும். காலை ஏழு மணிக்கு மேல் கூடு பிளக்கும். வந்த புதிதில் சிறகு ஈரத் துணி மாதிரிச் சுருண்டு கிடக்கும், வயிறு மட்டும் பெரிது. அந்த வயிற்றிலிருந்து நீரைச் சிறகுக்கு ஏற்றி ஏற்றி விரிக்கும். இரண்டு மணி நேரம் தொங்கிக் காய்ந்த பிறகு, சிவப்பாக ஒரு சொட்டு நீரை உதிர்த்துவிட்டுப் போய்விடும். எங்கள் வாஷிங் மெஷின் மூடியில் அந்தக் கறை இன்றைக்கும் இருக்கிறது.

வரியன் அவசரப்படாது. மற்ற பட்டாம்பூச்சிகள் ஆள் நிழல் பட்டாலே பதறிப் பறக்கும். இது மாடு மேய்க்கப் போகிறவர் மாதிரி, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். 'என்னைத் தின்றால் உனக்குத்தான் வாந்தி வரும்' என்று தெரிந்த நடை. தெரியாத குஞ்சுப் பறவை கொத்தினாலும் இதன் சிறகும் தோலும் தோல்பை மாதிரி கெட்டி, சுலபத்தில் கிழியாது. பிடிபட்டால் செத்த மாதிரிக் கிடக்கும். குமட்டுகிற நீரைக் கசியவிடும். பறவை துப்பிவிடும், இது எழுந்து பறந்துவிடும். அந்தப் பறவை அதற்கப்புறம் வெந்தய நிறத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும். எல்லா வரியனிலும் விஷம் ஒரே அளவில் இருப்பதில்லை. தின்ற செடியைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் அந்தப் பறவை அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்தப் பேரை வைத்துப் பிழைக்கும் இன்னொருத்தி இருக்கிறாள். டானெய்ட் எக்ஃப்ளை என்கிற பட்டாம்பூச்சியின் பெண். அதன் புழு தின்பது பருப்புக்கீரை மாதிரியான சாதுவான செடிகளை. விஷம் ஒரு சொட்டுக் கிடையாது. ஆனால் நிறம், கரை, வெள்ளைப் பட்டை, பறக்கும் தோரணை எல்லாம் வரியனுடையது. 1862-இல் பேட்ஸ் என்ற இயற்கையாளர் அமேசான் காட்டுப் பட்டாம்பூச்சிகளை வைத்து விளக்கினாரே, அதே தந்திரம். இதன் ஆணுக்கு அந்தக் கவலை இல்லை. கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளை வட்டம், சுற்றிலும் ஊதா என்று அது தன் பாட்டுக்கு அலங்காரமாகத் திரியும். நான் ஆறு மாதம் ஏமாந்தேன். ஒருநாள் வரியனைப் படம் எடுத்து வந்து பெரிதாக்கினால் பின்சிறகில் மூன்று புள்ளியும் இல்லை, நாலும் இல்லை, மேல் விளிம்பில் ஒன்றே ஒன்று. என் பழைய படங்களை எல்லாம் திறந்து புள்ளி எண்ணினேன். பதினொன்றில் இரண்டு போலி. போலி பில்லைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்பதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

தின்பதற்கு எருக்கலையே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டாம்பூச்சியான பிறகு தேன் வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு, உண்ணிச்செடி, எது பூத்தாலும் சரி. ஆணுக்கு அதற்கு மேலும் ஒன்று தேவை. மனையின் தென்மூலையில், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் ஈரத்தில், தேள்கொடுக்குச் செடி முளைக்கும். பூங்கொத்து தேளின் கொடுக்கு மாதிரிச் சுருண்டிருக்கும். ஒருநாள் யாரோ அதைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், வாடிக் கிடந்தது. அந்த வாடின செடியின் மேல் ஆறு வரியன்கள். பூவில் இல்லை. காய்ந்த தண்டிலும் இலையிலும் உட்கார்ந்து, காலால் பிறாண்டி, உறிஞ்சிக்கொண்டிருந்தன. குனிந்து எண்ணினேன். ஆறும் நாலு புள்ளி. ஆறும் ஆண். தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை மாதிரிச் செடிகளில் இருக்கும் ஒரு கசப்புச் சத்தை எடுத்துத்தான் ஆண் வரியன் பெண்ணை மயக்கும் வாசனையைத் தயாரிக்கிறது. வயிற்று நுனியில் மறைத்து வைத்திருக்கும் மயிர்க்குஞ்சத்தை விரித்து அந்த வாசனையைப் பெண்ணின் மேல் தூவும். கசப்பு கிடைக்காத ஆணுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம்.

எருக்கலைக்கு வரியன் மட்டும் குடித்தனக்காரன் இல்லை. மஞ்சள் உடம்பில் நீலப் பட்டை போட்ட பெரிய வெட்டுக்கிளி ஒன்று அதைத்தான் தின்னும். அதன் குஞ்சைத் தொட்டால் உங்கள் மேலேயே பீய்ச்சியடிக்கும். மஞ்சள் அசுவினி கூட்டம் கூட்டமாகத் தண்டில் அப்பிக் கிடக்கும். பூவுக்குக் கறுப்பு மரவண்டு வரும். கிரீடம் மாதிரி அமைந்த அந்தப் பூவில் மகரந்தம் பொடியாக இல்லாமல் இரட்டைப் பையாகக் கோத்திருக்கும். வண்டின் காலில் அது கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். வரியன் வேறு செடியிலும் வளரும். வேலியில் படரும் உத்தாமணியும், கரட்டில் முளைக்கும் கள்ளிமுளையானும் எருக்கலையின் சொந்தக்காரர்கள்தான். ஆனால் எங்கள் ஊரில் எருக்கலைக்கு இருக்கிற வசதி அவற்றுக்கு இல்லை. யாரும் நட வேண்டாம், யாரும் தண்ணீர் விட வேண்டாம்.

நர்சரிகளில் பட்டாம்பூச்சித் தோட்டம் என்று செடிக் கூட்டம் விற்கிறார்கள். எல்லாம் பூச்செடி. பூ மட்டும் வைப்பது கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு ஜூஸ் கொடுத்து அனுப்புகிற மாதிரி. குஞ்சு வளர இலை வேண்டும், அந்த இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னக் கொடுக்கிற மனசு வேண்டும். அதை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள், எனக்குப் புரிகிறது.

வருஷத்தில் ஒரு நாள் எருக்கலைக்கு மரியாதை உண்டு. பிள்ளையார் சதுர்த்தி. நல்லதென்றும் சொல்ல முடியாது, கெட்டதென்றும் சொல்ல முடியாது என்று கிடக்கிற எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்பதில்லை, பாரியும் அப்படித்தான் என்று கபிலர் பாடியது புறநானூற்றில் 106-ஆவது பாட்டு. சதுர்த்திக்கு முந்தின நாள் விடியற்காலையிலேயே பையன்கள் மனைக்குள் இறங்கிவிடுவார்கள். 2022-இல் அம்மா அவர்களிடமே பூ கேட்டிருந்தாள். கொப்போடு ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மணையில் உட்கார்ந்து பூவைக் கோத்தவள் திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். கொப்பு இலையில் ஒரு புழு, கடைசி வயது, நல்ல தடிமன். அது நிதானமாக இறங்கி, மணையில் ஏறி, களிமண் பிள்ளையாரின் வயிற்றில் பாதி தூரம் போய்விட்டது. அம்மா கையில் ஊதுபத்தி. கொல்லவும் முடியாது, கும்பிடவும் முடியாது. "எடுத்துட்டுப் போட்டி, அது பசியில வந்துருக்கு" என்றாள். அன்றைக்கு அதற்கு முதல் கொழுக்கட்டைக்கு முன்னாலேயே இலை கிடைத்தது.

போன வருஷம் மாசியில் ஜேசிபி வந்தது. சென்னைக்காரர் மனையை விற்றுவிட்டார். நான் ஆபீஸில் இருந்தேன். திரும்பி வந்தபோது மேற்கு ஜன்னலில் வெறும் செம்மண் தெரிந்தது. ஏழு செடியையும் வேரோடு புரட்டி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அடிபட்ட தண்டிலிருந்து பால் வடிந்து மண்ணில் உறைந்திருந்தது. இலையைப் புரட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன், பார்க்கவில்லை. புது ஆட்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் வீடு கட்டும்போதும் இங்கே எருக்கலைதான் நின்றிருக்கும். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "வெயில் நேரா அடிக்கு" என்றாள்.

ஆடியில் எங்கள் காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே, எருக்கலை ஒன்று முளைத்திருந்தது. எட்டு இலை. அம்மா தினமும் அந்த வழியாகத்தான் துணி காயப்போடப் போகிறாள். பிடுங்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எட்டு இலையையும் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு முட்டை. இலைக்கு ஒன்றுதான் போடும் என்று மேலே எழுதியிருக்கிறேன். செடி கிடைக்காதபோது வரியன் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. பதினான்கு புழுவுக்கு எட்டு இலை ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது.

அதனால் இப்போது சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வரும்போது நான்குவழிச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எருக்கலைக் கொழுந்து பறிக்கிறேன். எதிரே ஒரு டீக்கடை. மூன்றாம் நாள் கடை அண்ணாச்சி கேட்டேவிட்டார்.

"என்ன தங்கச்சி, குதிங்கால் வலியா?"

"ஆமா அண்ணாச்சி."

"செங்கல்லச் சுட்டு வைக்கணும், தெரியும்லா? இப்படிக் கொழுந்தாப் பறிச்சா ஒண்ணுக்கும் ஆவாது. பழுத்த எலையாப் பாத்துப் பறிங்க."

சரி அண்ணாச்சி என்றேன். மறுநாள் முதல் கொழுந்துகளுக்கு மேலே, அவர் கண்ணில் படுகிற மாதிரி இரண்டு பழுத்த இலையையும் போட்டுக்கொள்கிறேன்.